ஏட்டில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல்

பட்டிண்டாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகப் போகிறது. இந்த ஊரில் ஒரு மதராஸி பேங்க் ஆபீசருக்கு இரண்டே பொழுதுபோக்குதான். ஆறு மாசம் வெயிலைத் திட்டுவது, மீதி ஆறு மாசம் குளிரைத் திட்டுவது. போன டிசம்பரில் மூன்றாவதாக ஒன்று கிடைத்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் வரும். நான் படித்தது பி.காம். மெக்கானிக் அண்ணன்கள் யாராவது படித்தால் பிழை பொறுக்கவும்.

ஒரு திங்கட்கிழமை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு சர்தார் பையன் கிளைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் பழைய ஆர்.சி. புத்தகம் ஒன்று. 1971-ல் அவருடைய தாத்தா எங்கள் கிளையில் கடன் வாங்கி ஒரு மஹிந்திரா ஜீப் எடுத்திருக்கிறார். 1969 ஜூலையில் 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கிய பிறகு கிராமத்துக்குக் கடன் கொடு, விவசாயிக்குக் கொடு என்று மேலிடத்திலிருந்து ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கடன் 1976-லேயே முடிந்துவிட்டது. ஆனால் ஆர்.சி.யில் இருந்த ஹைப்பாதிகேஷன் குறிப்பை யாரும் அடிக்கவில்லை. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். கடைசித் தவணை கட்டியதும் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். முப்பது, நாற்பது வருஷம் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீசில் "பேங்க் என்.ஓ.சி. எங்கே?" என்று கேட்கும்போதுதான் எங்கள் ஞாபகம் வரும். படிவம் 35-ல் கையெழுத்து, கூடவே ஒரு கடிதம், அவ்வளவுதான் எங்கள் வேலை.

"மேனேஜர் சாப், கடிதத்தில் இன்ஜின் நம்பரையும் எழுதித் தரணும்" என்றார் பையன். ஆர்.சி.யில் அந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. முதல் மூன்று எழுத்துதான் மிச்சம்.

எங்கள் கிளையின் பழைய ஏடுகளை எல்லாம் அழித்திருக்க வேண்டிய காலம் எப்போதோ தாண்டிவிட்டது. யாரும் அழிக்கவில்லை. (தணிக்கைக்கு வருகிறவர்கள் இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.) தும்மித் தும்மித் தேடியதில் 1971 ஏடு கிடைத்தது. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், எரிபொருள் பெட்ரோல், எல்லாம் நீல மையில் முத்து முத்தாக.

"இப்போதும் அதே இன்ஜின்தானே?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"இல்லை ஜி. டிராக்டர் இன்ஜின். டீசல். நான் பிறப்பதற்கு முன்னாலேயே மாற்றிவிட்டார்கள். பழைய இன்ஜின் மோட்டார் ரூமில் வைக்கோலுக்கு அடியில் கிடக்கிறது. அதைத் திரும்ப ஏற்றி விண்டேஜ் நம்பர் வாங்கப் போகிறேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். நம்பரை நான் எழுதிக் கொடுக்க, நாளைக்கு ஏதாவது ஒரு பட்டறையில் ஏதோ ஒரு துருப்பிடித்த பிளாக்கில் அதே நம்பரைப் பொறித்துவிட்டால்? பையனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனாலும், "இரண்டாவது சனிக்கிழமை நான் ஊருக்கு வந்து இன்ஜினைப் பார்க்கிறேன், அப்புறம் கடிதம்" என்று சொல்லி அனுப்பினேன். இது பேங்க் விதிமுறையில் இல்லாத விஷயம். எனக்கு வேறு காரணம் இருந்தது.

எங்களுக்கு உடுமலைப்பேட்டை பக்கம். அப்பாரு (எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு ஃபார்கோ லாரி வைத்திருந்தார். மூக்கு நீண்ட வண்டி. தேங்காய், மாட்டுத் தீவனம், சீசனில் மறையூர் வெல்லம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். பழையதாக வாங்கும்போது அது பெட்ரோல் வண்டி. 1975-ல் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் டீசல் இன்ஜின் போட்டார். வீட்டில் அதை "சிம்சன் இன்ஜின்" என்பார்கள். சிம்சன் என்றால் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை, அவர் வந்து மாட்டிவிட்டுப் போனார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

1986-ல் மறையூர் மலைப்பாதையில் இறங்கும்போது அந்த லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. பாறையில் மோதி நின்றது. டிரைவருக்குக் கால் முறிந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் இன்ஜின், பானட்டைத் திறந்தால் டீசல். பதினொரு வருஷமாக யாருக்கும் தெரிவிக்கவில்லை. ஒரு பைசா தேறாது என்று கடிதம் வந்தது. டிரைவரின் வைத்தியத்துக்கும் வண்டியை எடுத்து வரவும் அப்பாரு ஒன்றரை ஏக்கர் தோப்பை விற்றார். எனக்கு அப்போது ஆறு வயசு.

ஆக, எதற்காக மாற்றினார்கள், அப்படி மாற்றுவது எங்கிருந்து வந்த பழக்கம் என்று எனக்கு எப்போதும் ஒரு குடைச்சல். அதைத்தான் இத்தனை வருஷமாக அங்கே இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன்.

கதை இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்ற ஊரில் தொடங்குகிறது. 1932-ல் ஃபிராங்க் பெர்கின்ஸ் என்பவர் அங்கே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். கூட சார்லஸ் சாப்மேன் என்ற இன்ஜினியர். அதுவரை டீசல் இன்ஜின் என்றால் பெரும்பாலும் கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் ஆகும் யானைகள், மெதுவாகச் சுற்றும். லாரிக்கு ஏற்றபடி சின்னதாக, வேகமாகச் சுற்றும் டீசல் இன்ஜின் செய்வதுதான் இவர்கள் திட்டம். இதில் எனக்குப் பிடித்தது, இவர்கள் லாரி செய்யவே இல்லை. அடுத்தவன் செய்த லாரிக்குள் உட்காரும் இன்ஜினை மட்டும் செய்தார்கள். புது லாரிக்கும் கொடுப்பார்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் லாரியில் இறக்கி வைக்கவும் கொடுப்பார்கள். 1930-களின் கடைசியில் வந்த பி6 என்ற ஆறு சிலிண்டர் இன்ஜின் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. 4.7 லிட்டர், 83 குதிரைசக்தி. நடுத்தர லாரி ஒன்றில் பெட்ரோல் இன்ஜினை எடுத்த இடத்தில் ஏறக்குறைய அப்படியே உட்காரும் அளவு.

அதே காலத்து இந்தியாவைப் பாருங்கள். 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளைக் கோத்து விற்க ஆரம்பித்தது. பின்னாலேயே ஃபோர்டும் வந்தது. யுத்தம் முடிந்ததும் பட்டாளம் கழித்துவிட்ட லாரிகள் டிஸ்போசலில் நாடு முழுக்கப் பரவின. 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லரோடு சேர்ந்து டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைக் கொண்டு வந்தது. இவற்றில் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள், அமெரிக்கப் பாணி. பெட்ரோல் மலிவாகக் கொட்டிக் கிடந்த தேசத்தில் வரைந்த வண்டிகளை, ஒவ்வொரு சொட்டுக்கும் அந்நியச் செலாவணி கொடுக்க வேண்டிய தேசத்தில் ஓட்டினோம். எத்தனை நாள் தாங்கும்?

1953-ல் டாரிஃப் கமிஷன் சொன்னபடி, இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம் என்று அரசு முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. 1954-ல் டாடா, டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து டீசல் லாரி கொண்டு வந்தது. சென்னையில் அசோக் மோட்டார்ஸ், லேலண்டோடு கைகோத்து அசோக் லேலண்ட் ஆனது. அதுவும் டீசல்தான். புது லாரி வாங்கக் காசும், காத்திருக்கப் பொறுமையும் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். இரண்டும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இங்கேதான் சிம்சன் துரை வருகிறார். 1840-ல் மதராஸில் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாக ஆரம்பித்தது சிம்சன். மவுண்ட் ரோட்டில் அந்தக் கட்டடத்தைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டில் அது எஸ்.அனந்தராமகிருஷ்ணன் கைக்கு வந்தது. 1950-களில் பெர்கின்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பி6 இன்ஜினை மதராஸிலேயே தயாரிக்க ஆரம்பித்தார்கள். செம்பியத்தில் தொழிற்சாலை. பிரீமியர் கம்பெனியே தன் டாட்ஜ், ஃபார்கோ வண்டிகளில் இந்த இன்ஜினைப் போட்டு டீசல் லாரியாக விற்றது. கம்பெனியே போடும்போது கோயமுத்தூர் பட்டறைக்காரர் போட மாட்டாரா? அதே ஃபார்கோ, அதே இன்ஜின். வித்தியாசம் காகிதத்தில் மட்டும்தான்.

அப்புறம் 1973 அக்டோபர். அரபு-இஸ்ரேல் யுத்தம், எண்ணெய் விலை மூன்று நான்கு மாசத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு. இங்கே பெட்ரோல் விலை எகிறியது. பெட்ரோல் பணக்காரன் காருக்கு, டீசல் லாரிக்கும் டிராக்டருக்கும் பம்ப்செட்டுக்கும் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. டீசல் விலையை அடக்கியே வைத்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனிலும் டீசலுக்கு 2014 அக்டோபரிலும் எடுக்கும்வரை இந்தக் கதை ஓடியது. ஒரு லிட்டரின் விலையும் குறைவு, அந்த ஒரு லிட்டரில் ஓடும் தூரமும் அதிகம். பி.காம். படிக்காத அப்பாருவுக்கே புரிந்த கணக்கு. இன்றைக்குப் பழைய வண்டி ஆர்வலர்கள் "ஐயோ, ஒரிஜினல் இன்ஜினை எடுத்துவிட்டார்களே" என்று தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எடுக்காமல் விட்டிருந்தால் அந்த வண்டி 1974-லேயே பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.

ஆனால் இது பல்பு மாற்றுகிற வேலை இல்லை. பட்டறைகளில் நின்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் தலைவலி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். பழைய கியர்பாக்ஸின் வாயும் புது இன்ஜினின் முதுகும் ஒரே அளவில் இருக்காது. நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகடு, அடாப்டர் பிளேட், கடைந்து போட வேண்டும். அது மயிரிழை விலகினாலும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனை உட்காரும் பேரிங் தேய்ந்து, கிளட்ச் நடுங்கும். லேத் வேலை சுத்தமாகத் தெரிந்த ஊர்களில்தான் இந்தத் தொழில் செழித்தது. கோயமுத்தூர், ராஜ்கோட், லூதியானா. காரணம் புரிகிறதா?

இரண்டாவது எடை. டீசலில் காற்றை மட்டுமே உள்ளே இழுத்து, அது பழுக்கச் சூடாகும் அளவுக்கு அழுத்தி, அதில் எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்க எல்லாமே தடிமன். முன் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு பட்டை கூடுதலாக வைக்காவிட்டால் வண்டி மூக்கால் தரையை முகரும்.

மூன்றாவது வேகம். இது எனக்குப் பிடித்த கணக்கு. பழைய ஜீப்பின் பின் அச்சில் பல் விகிதம் 5.38. இன்ஜின் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர். பெட்ரோல் இன்ஜின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று வரை போகும். அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர் (காகிதத்தில்!). டிராக்டர் இன்ஜின் 2,000-த்தை ஒட்டி மூச்சு வாங்கிவிடும். அதே அச்சில் மணிக்கு 50. கிரவுன் பினியனையும் மாற்றினால்தான் வேகம் கிடைக்கும். வயலுக்கும் மண்டிக்கும் போகிறவனுக்கு 50 போதும் என்று பாதிப் பேர் அப்படியே விட்டுவிட்டார்கள்.

நான்காவதுதான் எங்கள் வீட்டுக் கதை. பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழியை அடைத்துத் திறக்க ஒரு கதவு உண்டு. அந்தக் கதவுக்குப் பின்னால் உறிஞ்சல் உண்டாகும். அதையே இரவல் வாங்கி பிரேக்கின் பூஸ்டரை இயக்கினார்கள். டிரைவர் லேசாக மிதித்தாலும் இந்த உறிஞ்சல் சேர்ந்துகொண்டு பிரேக்கை அழுத்தும். டீசலில் அந்தக் கதவே கிடையாது, உறிஞ்சலும் இல்லை. அதனால் எக்ஸாஸ்டர் என்று தனியாக ஒரு பம்ப் வைத்து உறிஞ்சலை உண்டாக்க வேண்டும். கோயமுத்தூர்காரர் வைத்துத்தான் கொடுத்தார், குறை சொல்லக் கூடாது. பதினொரு வருஷத்தில் அந்த பம்ப்பை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. சமவெளியில் ஓடும்வரை தெரியவில்லை. முழு லோடோடு மலை இறங்கும்போது டிரைவரின் கால் பலம் மட்டும் போதவில்லை. இன்சூரன்ஸ் கடிதத்தை நினைத்து நான் பல்லைக் கடித்த நாட்கள் உண்டு. இப்போது பொறுமையாக யோசித்தால், இன்ஜின் மாறியதற்கும் பிரேக் விட்டதற்கும் சம்பந்தம் இருக்கத்தான் செய்தது என்பது கசப்பான உண்மை.

சரி, ஜீப்புக்கு வருவோம். பஞ்சாப் விவசாயிக்கு ஜீப்புதான் லாரி. பின்னால் ஒரு டிராலி மாட்டினால் பருத்தி, கோதுமை, எருமை எல்லாம் ஏறும். மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்க ஆரம்பித்தது. நம் ஊரில் நாமெல்லாம் பார்த்து வளர்ந்த உயர்ந்த பானட் ஜீப்பின் பெயர் சி.ஜே.-3பி. அந்த பானட் ஏன் அவ்வளவு உயரம் தெரியுமா? 1953-ல் வில்லிஸ் கம்பெனி, ஹரிக்கேன் என்ற புது இன்ஜினைப் பழைய ஜீப்பில் போட்டது. இன்ஜின் உயரம் கூடிவிட்டது, பானட் மூடவில்லை. பானட்டை உயர்த்திவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். பழைய வண்டியில் புது இன்ஜின் போட்டு, இடிக்கிற இடத்தைத் தட்டி நிமிர்த்துவது. பட்டறைக்காரன் செய்தால் ஜுகாட், கம்பெனி செய்தால் புது மாடல் :-)

இங்கேயும் அதேதான் நடந்தது. 1963-ல் மஹிந்திரா, டிராக்டர் தயாரிக்க இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோடு கைகோத்தது. பி-275 என்ற மாடல் பஞ்சாபில் தெருவுக்குத் தெரு உண்டு. 1973-க்குப் பிறகு பெட்ரோல் ஜீப்பை யாரும் சீந்தவில்லை என்றதும், அந்த டிராக்டர் இன்ஜின் வம்சத்திலேயே ஒன்றை ஜீப்புக்குள் கொண்டு வந்தார்கள். பிறகு 1980-களில் பெஜோவின் 2.1 லிட்டர் டீசல். பழைய ஜீப் வைத்திருந்த விவசாயி கம்பெனியைப் பார்த்துக் கற்றானா, அல்லது அவனே முந்திக்கொண்டானா என்று பட்டிண்டாவில் டீக்கடைக்கு டீக்கடை தகராறு.

இங்கிருந்து 40 கிலோமீட்டர் போனால் பஞ்சாப், ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி. ஜீப் கட்டுகிறவர்களின் திருப்பதி என்று சொல்லலாம். பட்டாளம் ஏலம் விட்ட ஜீப்புகளை வாங்கிப் பிரித்து, வேறு இன்ஜின், வேறு கியர்பாக்ஸ், நீட்டிய அல்லது வெட்டிய உடம்பு என்று எப்படிக் கேட்டாலும் கட்டித் தருவார்கள். கடை கடையாக இன்ஜின்கள் குத்த வைத்து உட்கார்ந்திருக்கும். இதற்கும் கீழ்ப்படியில் ஒன்று உண்டு, பீட்டர் ரேஹ்டா. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஒற்றை சிலிண்டர் இன்ஜினை மரச் சட்டத்தில் வைத்து, பழைய ஜீப்பின் கியர்பாக்ஸும் அச்சும் மாட்டிய வண்டி. இங்கிலாந்தின் பெட்டர் கம்பெனி இன்ஜினின் பெயர்தான் பஞ்சாபி வாயில் பீட்டர் ஆகிவிட்டது. நம் சென்னையின் மீன்பாடி வண்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இவற்றுக்குப் பதிவும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. 2013 மே மாசம் உச்ச நீதிமன்றம், ஜுகாடும் மோட்டார் வாகனம்தான், சட்டத்துக்கு உட்பட்டுத்தான் ஓட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அடிபட்டவனுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பது என்பதுதான் அந்த வழக்கின் அடிக்கேள்வி.

சட்டம் என்று எடுத்தால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுதான் இதற்கு. முன்பு அனுமதி வாங்கி மாற்றலாம் என்று இருந்தது. 2000-ல் வந்த திருத்தம், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி எதையும் செய்யாதே என்று இறுக்கிவிட்டது. எரிவாயு மாதிரி எரிபொருளுக்கு மாற்ற, விதிப்படி கிட் பொருத்தலாம், அது தனிக் கணக்கு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அப்புறம் 2021 ஜூலையில் விண்டேஜ் விதிகள் வந்தன. 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிகளுக்கு நடுவில் "வி.ஏ." என்ற எழுத்தோடு தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. இத்தனை காலம் இந்த வண்டிகளை உயிரோடு வைத்திருந்த காரியமே அவற்றை விண்டேஜ் ஆக விடாமல் செய்துவிட்டது. பையன் பழைய இன்ஜினைத் தேடியது இதற்காகத்தான்.

இரண்டாவது சனிக்கிழமை போனேன். காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. பெரியவருக்கு எண்பத்து நான்கு வயசு. போர்வை போர்த்திக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஜீப். பெட்ரோல் காலத்து வைப்பர் வாக்யூமில் ஓடுவது. டீசல் வந்த பிறகு அதுவும் செத்துப்போய், உள்ளே இருக்கும் கைப்பிடியால் தள்ளுகிறார்கள். மோட்டார் ரூமில் வைக்கோலை விலக்கினோம். தார்ப்பாயில் சுற்றி, கிரீஸ் பூசி, குழந்தை மாதிரி வைத்திருந்தார்கள் ஹரிக்கேனை. அந்த இன்ஜினுக்கு நம்பர் முன்பக்கம், வாட்டர் பம்புக்குப் பின்னால் இருக்கும் மேட்டில். மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார் பையன். டார்ச் நான் பிடித்தேன்.

முதல் மூன்று எழுத்து சரி. பையன் முகம் மலர்ந்தது. அடுத்த இலக்கமே வேறு. அதற்கடுத்ததும் வேறு. நான் எழுதி வந்த தாளை இரண்டு முறை பார்த்தேன். பையன் தாளை வாங்கி அவரும் பார்த்தார். பொறித்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

பெரியவரிடம் போய்ச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். 1974 வைசாகியை ஒட்டி, கோதுமை அறுவடை நடுவில், இன்ஜின் பேரிங் போய்விட்டதாம். பிரித்து வேலை செய்யப் பதினைந்து நாள் ஆகும் என்றார் மிஸ்திரி. அறுத்த கோதுமை வயலில் கிடக்கிறது, பதினைந்து நாளுக்கு எங்கே போவது? மிஸ்திரி தன்னிடம் தயாராக இருந்த வேறொரு ஹரிக்கேனை மாட்டிவிட்டு, இதை எடுத்துக்கொண்டார். மேலே கொஞ்சம் பணம். அது அந்த நாளில் சகஜம். ஆக, ஐம்பது வருஷமாக வைக்கோலுக்கு அடியில் காப்பாற்றி வைத்திருந்த "ஒரிஜினல்" யாருடைய வண்டியிலோ பிறந்தது.

சாக் ரொட்டியும் மோரும் வந்தன. ஜீப்புக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். தேர்ட் பார்ட்டி இருக்கிறது என்றார்கள், பெட்ரோல் வண்டி என்று சொல்லி எடுத்தது. எனக்குத் தாங்கவில்லை. அப்பாரு கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பஞ்சாபியில், பையன் இடையிடையே திருத்த.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "எத்தனை கில்லா போச்சு?" கில்லா என்றால் இங்கே ஏக்கர்.

"ஒன்றரை."

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பேரனைப் பார்த்து, "இனிமேல் இது ரோட்டுக்குப் போக வேண்டாம். வாய்க்கால் கரையோடு சரி" என்றார். பையன் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு எத்தனை நாள் ஆயுசு என்று தெரியவில்லை.

கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுத்தேன். கடன் தீர்ந்தது, ஹைப்பாதிகேஷனை நீக்கலாம், எங்கள் 1971-ம் வருஷத்து ஏட்டின்படி சேஸிஸ் நம்பர் இது, இன்ஜின் நம்பர் இது. அவ்வளவுதான் எழுதினேன். சேஸிஸ் நம்பரை மட்டும் அன்றைக்கே வண்டியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சரியாக இருந்தது.

அன்று கிளம்பும்போது பஸ் வரும் ரோடு வரைக்கும் வாய்க்கால் கரை வழியாக ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டார் பையன். இரண்டாவது முறையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது டிராக்டர் இன்ஜின். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, பனியில் கண்ணாடியைத் துடைக்க வைப்பர் கைப்பிடியைத் தள்ளும் வேலை எனக்கு.